லைசென்ஸ் வேண்டாத பேட்டரி வண்டி: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, டவுன், வள்ளியூர், அம்பாசமுத்திரம் என்று எங்கே பேட்டரி வண்டி வாங்கப் போனாலும் ஆட்கள் கேட்பது இதைத்தான்: லைசென்ஸ் வேண்டுமா, போலீஸ் பிடிக்குமா, எந்த ரோட்டில் ஓட்டலாம்? கடையில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான், "ஒண்ணும் வேண்டாம் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க." அந்தப் பதிலை நம்பி வாங்கி, அப்புறம் அவஸ்தைப்படுகிறவர்கள் நிறைய. அதனால் சட்டத்தில் உள்ளதையும் ரோட்டில் நடப்பதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ், ஆர்சி எதுவும் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

சில வண்டிகளுக்கு மட்டும் உண்மை. எது அந்தச் சில வண்டி என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2(யு)-வில் இருக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பேட்டரியைக் கழித்துவிட்டு வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. பெடல் மிதிக்கிற சைக்கிளில் உதவிக்கு மோட்டார் வைத்திருந்தால், வேகம் ஏற ஏற அதன் உதவி குறைந்து 25-ல் முழுதாக நின்றுவிட வேண்டும், மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும். இதெல்லாம் இருந்தால் மட்டும் போதாது, விதி 126-ல் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று பார்த்துச் சான்று கொடுத்திருக்கவும் வேண்டும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, சென்னை ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி மாதிரி நிறுவனங்கள் அவை.

இத்தனையும் பொருந்தினால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதையும் யாரும் கேட்க முடியாது. இதில் ஒன்று பிசகினாலும் அது மோட்டார் வாகனம்தான், பெடல் இருந்தாலும் சரி, பார்க்கச் சைக்கிள் மாதிரியே இருந்தாலும் சரி.

முப்பது நிமிட சக்தி என்றால்?

மோட்டார் சூடேறிப் படுத்துவிடாமல் அரை மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் சில வினாடிகள் அதைவிட அதிகமாக இழுக்கலாம், அது தவறில்லை. ஆனால் இந்த இடைவெளியில்தான் ஏமாற்றும் நடக்கிறது. ஆயிரம் வாட் இழுக்கிற மோட்டாரிலும் "250 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட முடியும், ஸ்டிக்கருக்குச் சோதனை ஏதும் இல்லையே.

என் வண்டியில் 250 வாட் என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் 45-ல் பறக்கிறது. எதை நம்ப?

வேகத்தை நம்புங்கள். 45-ல் போகிற வண்டிக்கு விலக்கு கிடையாது, ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும்.

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. வண்டியின் மீட்டரை விட்டுவிட்டு போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியைப் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்டில், காற்று எதிராகவோ பின்னாலோ அடிக்காத காலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டு வேகம் பார்ப்பது சரியாக வராது, பாரம் இல்லாத சக்கரம் எப்போதும் வேகமாகத்தான் சுற்றும்.

இன்னொன்று மேடு. வண்டியும் ஆளும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறவே சுமார் 200 வாட் வேண்டும். அதாவது உண்மையான 250 வாட் வண்டி ஏற்றத்தில் திணறத்தான் செய்யும், பெடல் இருந்தால் மிதித்து உதவ வேண்டும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பின்னால் ஆளை உட்கார வைத்துக்கொண்டு சமதரையில் போகிற அதே வேகத்தில் ஒரு வண்டி ஏறுகிறது என்றால் அது 250 வாட் வண்டி இல்லை.

கடைக்கார அண்ணாச்சி "லாக்கை எடுத்துத் தாரேன், 50 வரைக்கும் போகும்" என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்.

அந்த லாக் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சீட்டைத் தூக்கினால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் ஒன்று அலுமினிய டப்பா மாதிரி இருக்கும், அதிலிருந்து கொத்தாக ஒயர்கள் வரும். மோட்டாருக்குப் போகும் மூன்று தடிமன் ஒயர், பேட்டரிக்குப் போவது இரண்டு, ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மெல்லிசு ஒயர்கள். இவற்றுக்கு நடுவே எங்கேயும் போகாமல், தன்னோடு தானே ஒரு சின்ன சாக்கெட்டில் கோத்துக்கொண்டு ஒரு ஜோடி ஒயர் கிடக்கும். நிறைய வண்டிகளில் வேகத்தைக் கட்டிப் போட்டிருப்பது அது ஒன்றுதான். கழற்ற ஒரு நிமிடம் ஆகாது, திரும்ப மாட்டவும் ஆகாது. சோதனைக்குப் போன வண்டியும் உங்கள் வீட்டுக்கு வரும் வண்டியும் வேறு வேறு ஆவது இந்தச் சாக்கெட்டில்தான்.

கழற்றிய நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 182ஏ-படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதே பிரிவு விதிமீறி விற்கும், மாற்றித் தரும் வியாபாரிக்கு ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ வைத்திருக்கிறது. ஆக, லாக் எடுத்துத் தருகிற கடைக்காரருக்குத்தான் பெரிய தண்டனை. நடைமுறையில் ரோட்டில் மாட்டுவது என்னவோ வாங்கினவர்தான், எனக்கு இதில்தான் ஆற்றாமை அதிகம்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா? பாளையில் ஏகப்பட்ட பிள்ளைகள் இதில்தானே ஸ்கூலுக்குப் போகிறார்கள்?

போகிறார்கள், அதனால்தான் இதற்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

சான்று பெற்ற, 25-க்கு மேல் போகாத வண்டிக்குச் சட்டத்தில் வயது வரம்பு கிடையாது. லைசென்ஸே தேவையில்லாததால் லைசென்ஸுக்கான வயதும் அதற்குப் பொருந்தாது. அந்தவகையில் கொடுக்கலாம். வண்டி அந்த வகையில் சேராதது என்றால் கதை வேறு. பிரிவு 4-படி மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும், 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு 16. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இரண்டுமே இல்லை.

இப்போது பிரிவு 199ஏ-வைப் பாருங்கள். 18 வயது ஆகாதவர் மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொல்வதானால் அதை நிரூபிக்க வேண்டியதும் பெற்றோர்தான். லாக் கழற்றின வண்டியில் பிள்ளை போய் யார்மேலாவது மோதினால் இத்தனையும் தாய் தகப்பன் தலையில் வந்து விழும்.

சட்டத்தை விடுங்கள், வண்டி நிற்கிற தூரத்தை யோசியுங்கள். எதிரே ஆடோ பாட்டியோ குறுக்கே வந்ததைப் பார்த்துப் பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி என்று வைத்தால், நல்ல ரோட்டில் 25-ல் போகிற வண்டி சுமார் 13 மீட்டரில் நிற்கும், 45-ல் போகிற வண்டிக்கு 30 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, நிற்கும் தூரம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வாசல்களில் ஆட்டோவும் வேனும் சைக்கிளும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கிற ரோட்டில் முப்பது மீட்டர் யாருக்கும் கிடைக்காது.

ஆகவே வாங்கிக் கொடுப்பதென்றால் பெடல் உள்ளதாக வாங்குங்கள், வாங்கின பிறகு மாதம் ஒரு தடவையாவது நீங்களே ஓட்டிப் பாருங்கள். சாக்கெட்டைக் கழற்றப் பிள்ளைகளுக்கு மெக்கானிக்கே தேவையில்லை, கூடப் படிக்கிறவனே சொல்லிக் கொடுத்துவிடுவான். மூன்று பேர் ஏறிப் போவதைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நிறுத்திச் சொல்லுங்கள்.

பச்சை நம்பர் பிளேட் எதற்கு?

பதிவு செய்யப்பட்ட மின்வண்டிக்கு. சொந்த வண்டி என்றால் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. பச்சை பிளேட் வண்டிக்கு லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் பெட்ரோல் வண்டிக்கு உள்ளது போலவே வேண்டும். இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும் சிசிக்குப் பதிலாகக் கிலோவாட் கணக்கில் போடுவார்கள்.

நான்குவழிச் சாலையில் போகலாமா? நாங்குநேரியில் இருந்து தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்கு வர வேண்டும்.

பச்சை பிளேட் வண்டி என்றால் போகலாம். மதுரை கன்னியாகுமரிச் சாலை, அதாவது தேசிய நெடுஞ்சாலை 44, பைக் ஓடுகிற சாலைதான், சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணமும் இல்லை. பெங்களூரு மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள், அது மாதிரி தடைப்பலகை வைத்த சாலையில் எந்த பைக்கும் போக முடியாது, மின்சாரம் பெட்ரோல் என்ற பேதமில்லை.

25-ல் போகிற சின்ன வண்டியை நான்குவழிச் சாலையில் ஏற்றாதீர்கள். விதி 2(யு) அதை எந்த ரோட்டில் ஓட்டலாம், எதில் கூடாது என்று எதுவும் சொல்லவில்லை, சைக்கிள் போகிற இடமெல்லாம் அதுவும் போகலாம் என்றுதான் அர்த்தமாகிறது. ஆனால் பின்னால் 90-ல் வரும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் வேக வித்தியாசம் 65. நூறு மீட்டர் தள்ளி இருக்கிற பஸ் ஐந்தரை வினாடியில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ராத்திரியில், அந்தக் கடுகளவு பின்விளக்கோடு, வேண்டவே வேண்டாம். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் சர்வீஸ் ரோடு, இல்லாத இடத்தில் ஊர்களுக்குள் புகுந்து போகிற பழைய ரோடு. கொஞ்சம் சுற்றுதான், பரவாயில்லை.

நாங்குநேரி ஆளுக்கு நேர்ப் பதில்: தினமும் அவ்வளவு தூரத்துக்குச் சின்ன வண்டி சரிப்படாது, பதிவு வண்டி வாங்குங்கள். ஆனி ஆடியில் அந்தப் பக்கம் அடிக்கிற காற்றும் இருக்கிறது. நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வரை காற்றாலை நட்டிருக்கிறார்கள் என்றால் சும்மாவா, எதிர்க்காற்றில் பேட்டரி சொன்ன தூரம் வராது. லேசான வண்டியைக் குறுக்குக் காற்று தள்ளிவிடும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

டவுனுக்குள்ளே எங்கெல்லாம் ஓட்டலாம்? பிளாட்பாரத்தில் போனால் என்ன, சைக்கிள்தானே?

பிளாட்பாரம் நடக்கிறவர்களுக்கு. மோட்டார் வண்டியை நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் ஏற்றக் கூடாது என்று ஓட்டுநர் விதிமுறைகளே சொல்கின்றன. விலக்கு பெற்ற சின்ன வண்டி மோட்டார் வாகனம் இல்லை என்பதால் சைக்கிள் பாதை போட்டிருக்கும் ஊரில் அதில் போகலாம், நடைபாதையில் அதுவும் ஏறக் கூடாது. சத்தமே போடாமல் பின்னால் வரும் வண்டி நடக்கிறவருக்குத் தெரியாது, காது மந்தமான பெரியவர்கள் திடீரென்று ஒதுங்கும்போது அதன்மேலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். மணியைத் தாராளமாக அடியுங்கள்.

ரத வீதிகள், வண்ணார்பேட்டை, சமாதானபுரம் மாதிரி நெரிசலான இடங்களில் உண்மையில் 25 போதும், கார்கூட அதற்கு மேல் போவதில்லை. ஒருவழியில் எதிரே வருவதை மட்டும் செய்யாதீர்கள். பேட்டரி வண்டிக்காரர்கள் பலர் தங்களை நடந்து போகிறவர்கள் கணக்கில் வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓரமாக ஊர்கிறார்கள். பதிவு வண்டியாக இருந்தால் எதிர்த்திசையில் போவது பிரிவு 184-படி ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் வரும். சின்ன வண்டியானாலும் அவசரமாகவோ அலட்சியமாகவோ ஓட்டி உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 281 இருக்கிறது, அதற்கு மோட்டார் வாகனமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனித் தேரோட்டம் போன்ற நாட்களில் ரத வீதிகளில் வண்டியே விட மாட்டார்கள், அப்போது "இது சைக்கிள்தானே" என்று போலீஸ்காரரிடம் வாதம் பண்ணுவதில் பிரயோஜனமில்லை.

காரையாறு, மாஞ்சோலைக்கு எடுத்துப் போகலாமா?

அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை சொல்வதுதான் சட்டம், உங்கள் வண்டியின் வகை அங்கே எடுபடாது. பாபநாசம், மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் விட்டால் போகலாம், விடாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை சமயத்தில் தனி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாத வண்டி காட்டுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். வளைவில் யானைக்கு நீங்கள் வருவது தெரியாமல் போவது இருவருக்குமே நல்லதில்லை.

ஹெல்மெட்?

பதிவு வண்டிக்குக் கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய். விலக்கு வண்டிக்குச் சட்டம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், போடுங்கள்.

யார்மேலாவது மோதிவிட்டால்?

கார் வந்து உங்கள்மேல் மோதினால், நீங்கள் சின்ன வண்டியில் போனாலும் நடந்து போனாலும் காரின் இன்சூரன்ஸ் மீது வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். நீங்கள் போய் மோதினால்தான் சிக்கல். விலக்கு வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவோ நஷ்டஈடோ உங்கள் கையிலிருந்துதான். லாக் கழற்றிய வண்டி என்று விசாரணையில் தெரியவந்தால் பதிவில்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றமாகச் சேரும்.

அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டிக்கொள்ளலாமா?

ஆன்லைனில் கிட் கிடைக்கிறது, மாட்டவும் தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் சோதனை நிறுவனச் சான்று வேண்டும் என்பதுதான் விதி, வீட்டில் மாட்டின கிட்டுக்கு அது ஏது? 250 வாட்டுக்குள், பெடல் மிதித்தால் மட்டும் உதவுகிற கிட் என்றால் நோக்கத்தில் தப்பில்லை, எழுத்துப்படி பார்த்தால் விலக்கு கிடைக்காது. இன்னொன்று, அந்தச் சைக்கிளின் பிரேக்கும் ஃபோர்க்கும் மிதிக்கிற வேகத்துக்குச் செய்தவை. மோட்டாரை மாட்டுவதற்கு முன்னால் பிரேக்கை மாற்றுங்கள்.

வெளிநாட்டில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர், மிதித்தால் மட்டும் உதவி, இது சைக்கிள் கணக்கு. 45 வரை போகும் வகைக்கு நம்பர் பிளேட் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கின்றன: மிதித்தால் உதவி 32 கிலோமீட்டர் வரை, ஆக்சிலரேட்டர் உள்ளது 32 வரை, மிதித்தால் உதவி 45 வரை. எந்த வகுப்பு எந்தப் பாதையில் போகலாம் என்பதையும் வகுப்பை வைத்தே சொல்கிறார்கள், எந்த வகுப்பு என்று வண்டியிலேயே லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். நம்மிடம் இல்லாதது இதுதான்.

உங்கள் கருத்துப்படி எப்படி வகைப்படுத்தினால் நன்றாக இருக்கும்?

வாட்டைப் பிடித்துத் தொங்குவதை விட்டுவிட்டு, வண்டி ரோட்டில் உண்மையில் எவ்வளவு வேகம் போகிறது, எவ்வளவு எடை என்பதை வைத்து. கயத்தாறு பக்கம் கீரைக்கட்டைச் சுமந்து சந்தைக்கு வரும் பெரியம்மாவுக்கு மேட்டில் ஏற 250 வாட் போதாது, 500 வாட் இருந்தால் நிம்மதி, ஆனால் வேகம் 25-க்கு மேல் தேவையே இல்லை. இன்றைய விதி அவரை ஆர்டிஓ ஆபீசுக்கு அனுப்புகிறது, ஒயரைக் கழற்றிவிட்டு 50-ல் போகிறவனைத் தப்பவிடுகிறது. வேகத்தைக் கழற்ற முடியாதபடி கன்ட்ரோலருக்குள்ளேயே பூட்டச் சொல்ல வேண்டும். பின் சக்கர மட்காட்டில் தூரத்திலிருந்து தெரியும்படி "25" என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். அப்போது ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் சீட்டைத் தூக்கிக் கன்ட்ரோலரைப் பார்க்க வேண்டியதில்லை, 25 எழுதிய வண்டி ஆட்டோவை முந்தினாலே விஷயம் தெரிந்துவிடும். சோதனையை ரோட்டில் தொடங்காமல் கடையில் தொடங்க வேண்டும்.

ஏற்கனவே வாங்கிவிட்டேன், இப்போதுதான் இது 45-ல் போகும் வண்டி என்று தெரிகிறது. என்ன செய்ய?

முதலில் சாக்கெட்டைத் திரும்ப மாட்டி 25-க்குக் கொண்டுவாருங்கள், ஜிபிஎஸ்ஸில் சரிபாருங்கள். கடைக்குப் போய் உங்கள் மாடலின் பெயர் போட்ட சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். கொடுத்தால் அதை ஜெராக்ஸ் எடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திக் கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. சான்று இல்லை என்றால் அந்த வண்டியை யாராலும் விலக்கில் சேர்க்க முடியாது, பதிவும் எளிதில் நடக்காது, ஏனென்றால் ஆர்டிஓ ஆபீசிலும் வகை ஒப்புதல், அதாவது சோதனை நிறுவனத்தின் சான்று, பெற்ற மாடலைத்தான் பதிவார்கள். அப்போது பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். "லைசென்ஸ் வேண்டாம்" என்று போட்ட நோட்டீஸ், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப், பில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும். பில்லில் மாடல் பெயரும் சேசிஸ் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் "பேட்டரி வண்டி 1" என்று எழுதிக் கொடுத்திருந்தால் மாற்றி எழுதி வாங்குங்கள்.